தோப்புக்கு வந்த தட்டு

ஐந்து சென்ட் கொடுத்து வாங்கிய கேக் தட்டு ஒன்றை இருபத்தைந்து சென்ட்டுக்குக் கேட்டார் ஒருவர். இடம் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரை, ஆண்டு 1938. தட்டு ஃபிரெட் மாரிசன் என்ற இளைஞருடையது. அவரும் அவர் காதலி லூவும் மணலில் எதிரெதிரே நின்று அதை வீசிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவருக்குக் கேக் சுடும் எண்ணமெல்லாம் இல்லை, தட்டு பறந்த விதம் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். ஐந்துக்கு வாங்கி இருபத்தைந்துக்கு விற்பதில் என்ன இருக்கிறது என்று தேனி, போடிச் சந்தைகளில் பருத்தியும் ஏலக்காயும் கைமாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாரிசனுக்கும் யாரும் விளக்கவில்லை. விரைவிலேயே இருவரும் கடற்கரையில் கேக் தட்டு வியாபாரிகள் ஆனார்கள்.

அதற்கும் ஓராண்டு முன்னால், 1937-இன் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்து முடிந்த பிறகு, அவர்கள் வீசிப் பார்த்தது பாப்கார்ன் டின்னின் மூடியை. மூடி சீக்கிரமே நெளிந்துவிட்டது. கேக் தட்டு நெளியவில்லை, பறப்பதிலும் அது தேவலாம் என்றிருந்தது. ஆனால் தகரத்தை முதலில் பறக்கவிட்டவர்களும் இவர்கள் இல்லை. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டுக்கு 1871-இல் வில்லியம் ரசல் ஃபிரிஸ்பி என்பவர் ஒரு அடுமனையை நடத்த வந்து, பிறகு அதையே வாங்கித் தன் பெயரை வைத்தார். உள்ளே பழம் வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டம் அங்கே பிரசித்தம். பண்டத்தைத் தின்றுவிட்டு அது வந்த தகரத் தட்டை வீசி விளையாடியது அந்தப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள். தட்டு வருகிறது, தலையைக் குனி என்று எச்சரிக்க ‘ஃபிரிஸ்பி’ என்று கத்துவார்களாம். எந்தக் கல்லூரி முதலில் கத்தியது என்பதில் அவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. 1926-இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், பிளாட்வொர்த் என்ற சிற்றூரில், பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிலர் மண்ணில் வட்டங்கள் வரைந்து, டின் மூடிகளை ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு எறிந்து விளையாடினார்கள். ‘டின் மூடி கோல்ஃப்’ என்று அதற்குப் பெயர். பெரியவர்கள் இதைக் கண்டுபிடிக்க இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இத்தனை பேரிலும் ஒருவர்கூட எறிவதற்கென்று ஒரு பொருளைச் செய்யவில்லை. சமையலறையில் கிடந்ததை எடுத்து எறிந்தார்கள். இந்தத் தட்டின் பிறவிக் குணமே இரவல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரவல் பொருளைச் சொந்தப் பொருளாக்கியவர் மாரிசன். இரண்டாம் உலகப் போரில் பி-47 போர் விமானம் ஓட்டி, இத்தாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டு, போர்க் கைதியாக இருந்து திரும்பியவர் அவர். காற்று ஒரு தகட்டை எப்படித் தூக்கும், எப்போது கைவிடும் என்பதெல்லாம் பட்டறிவாகவே அவருக்குத் தெரியும். 1946-இல் படம் வரைந்தார். 1948-இல் வாரன் ஃபிரான்சியோனி என்ற கூட்டாளியுடன் சேர்ந்து முதல் பிளாஸ்டிக் தட்டை வார்த்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க வானத்தில் பறக்கும் தட்டுகளைப் பார்த்ததாகச் செய்திகள் வந்து நாடே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அலையிலேயே பெயரும் வைத்தார்கள். பிளாஸ்டிக்தான் சதி செய்தது. கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்கியது. 1955-இல் நல்ல பிளாஸ்டிக்கில், அப்போது கிரகமாக எண்ணப்பட்ட புளூட்டோவின் பெயரோடு, ஓரம் சற்றே சரிந்த புது வடிவம் வந்தது. 1957 ஜனவரியில் அதன் உரிமை வாம்-ஓ என்ற கம்பெனிக்குக் கைமாறியது.

வாம்-ஓவும் எறிவதிலிருந்தே பிறந்த கம்பெனி. அவர்களுடைய முதல் சரக்கு நம் ஊர்க் கவட்டை. கல் இலக்கில் படும் சத்தத்தைத்தான் கம்பெனிக்குப் பெயராக வைத்தார்கள். கொய்யாக் கிளையிலும் புளியங்கிளையிலும் கவை தேடி வெட்டி, சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டி, ஓணானையும் அணிலையும் துரத்திய கம்பம் பள்ளத்தாக்குப் பையன்கள் எவரும் அப்படிக் கம்பெனி தொடங்கவில்லை என்பது வேறு கதை. ஃபிரிஸ்பி என்ற அடுமனைப் பெயர், எழுத்தில் சிறு மாற்றத்தோடு, 1957-லேயே தட்டின் மேல் ஏறியது. மாரிசனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. அடுத்த ஆண்டு, 1958-இல், பிரிட்ஜ்போர்ட்டின் அந்த அடுமனை மூடப்பட்டது. அதே ஆண்டில் வாம்-ஓ இடுப்பில் சுற்றும் ஹூலா ஹூப் வளையத்தை விட்டு அமெரிக்காவையே ஆட்டிக்கொண்டிருந்தது.

1964-இல் அந்தக் கம்பெனிக்கு எட் ஹெட்ரிக் வந்தார். தட்டின் முதுகில் வட்ட வட்டமாக மெல்லிய வரம்புகளைக் கொண்டுவந்தவர் அவர். இன்றைக்கும் விரலால் தடவினால் தெரியும். சுழற்சி இருக்கும்வரை தட்டு சாயாது. பம்பரம் நிற்பதும் அதே கணக்கில்தான். முதுகு மேடாக இருப்பதால் மேலே ஓடும் காற்று தட்டைத் தூக்குகிறது; வரம்புகள் அந்தக் காற்றை முதுகோடு ஒட்ட வைக்கின்றன. பொம்மையாக இருந்த தட்டு, எறிந்தவன் நினைத்த இடத்துக்குப் போகும் கருவியாகியது. ஹெட்ரிக்கின் காப்புரிமை 1967-இல் பதிவானது. அடுத்த ஆண்டு நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட் என்ற ஊரில் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதே தட்டை வைத்து இரண்டு அணியாக ஓடி விளையாடும் ‘அல்டிமேட்’ ஆட்டத்தை உருவாக்கினார்கள். அந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. தவறு செய்தவன் தானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹெட்ரிக் இன்னொரு பக்கம் போனார். நண்பர்களோடு மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி என்று எதையாவது குறி வைத்து எறிந்து, எத்தனை எறியில் பட்டது என்று எண்ணுவது கலிஃபோர்னியாவில் அப்போது பலரும் ஆடிய ஆட்டம்தான். 1975-இல் பாசடேனாவை ஒட்டிய ஓக் குரோவ் பூங்காவில், தட்டு கோல்ஃப் எனப்பட்ட இந்த ஆட்டத்துக்கு நிரந்தரமான முதல் களத்தை அவர் அமைத்தார். அங்கேயும் முதலில் வெறும் கம்பங்கள்தான் இலக்கு. கம்பத்தில் தட்டு பட்டதா, படவில்லையா என்ற வாக்குவாதம் ஓயவில்லை. அதற்கு மருந்தாக வந்தது சங்கிலிக் கூடை. ஒரு கம்பத்தின் உச்சியில் இரும்பு வளையம், வளையத்திலிருந்து சுற்றிலும் தொங்கும் சங்கிலிகள், கீழே கம்பிக் கூடை. சுழன்று வரும் தட்டின் வேகத்தைச் சங்கிலிகள் வாங்கிக்கொள்ளும். வேகம் செத்த தட்டு கூடையில் விழும். சங்கிலி சலசலத்தால் சாட்சி வேண்டாம். 1976-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் வந்தது. கூடைக்கான காப்புரிமை 1977-இல். 1983-இல் டேவ் டுனிபேஸ் என்பவர் ஓரத்தைச் சாய்வாகச் சீவிய, அளவில் சிறிய, காற்றைக் கத்தியாய்க் கிழிக்கும் தட்டை வடிவமைத்த பிறகு, கோல்ஃபுக்கு ஒரு சாதி, வீசிப் பிடிப்பதற்கு ஒரு சாதி என்று தட்டுகள் பிரிந்தன. தூரத்துக்கு ஒன்று, நடுத்தூரத்துக்கு ஒன்று, கூடைக்கு அருகில் வந்தபின் ஒன்று என்று பை நிறையத் தட்டுகளைச் சுமந்து திரிகிறார்கள் இப்போது. உலகம் முழுக்க 15,000-க்கும் மேற்பட்ட களங்கள் இருக்கின்றன. ஃபின்லாந்தில் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும்.

ஹெட்ரிக் 2002-இல் இறந்தார். அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து நினைவுத் தட்டுகள் வார்த்தார்கள். அஸ்தியை ராமேஸ்வரத்திலும் வைகையிலும் கரைத்துப் பழகிய நமக்கு முதலில் தூக்கிவாரிப் போடும். யோசித்தால், தண்ணீரில் கரைவதைவிடக் காற்றில் போவதே மேல் என்று ஒரு மனிதர் தீர்மானித்திருக்கிறார், அவ்வளவுதானே.

சென்னைக்கு வந்தது கோல்ஃப் ஆடும் சின்னத் தட்டு இல்லை, அல்டிமேட் ஆடும் பெரிய தட்டு. எடை 175 கிராம். விட்டம் 27 சென்டிமீட்டர் சொச்சம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டிஸ்கிராஃப்ட் கம்பெனி வார்க்கும் ‘அல்ட்ரா-ஸ்டார்’ என்ற வகைதான் எங்கும் புழங்குகிறது. பெசன்ட் நகர் கடற்கரை மணலில் விடியற்காலையிலும் மாலையிலும் அது பறப்பதைப் பார்க்கலாம். ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஓடுவார்கள். கணினிக் கம்பெனி ஊழியரும் குப்பத்துப் பிள்ளையும் ஒரே அணியில் இருப்பார்கள். நடுவர் இல்லாததால் இருவரும் பேசித்தான் தீர்க்க வேண்டும். சென்னையின் அப்படியொரு அணியைப் பற்றிய ‘175 கிராம்ஸ்’ என்ற குறும்படம் 2015-இல் சன்டான்ஸ் திரைவிழா வரை போனது. கிரிக்கெட்டைத் தவிர எதற்கும் கடற்கரையில் இடம் கிடைக்காத ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை.

அப்படிப் பெசன்ட் நகர் மணலில் உரசி உரசி ஓரம் சொரசொரத்துப்போன ஒரு தட்டுதான் என் அக்கா மகனின் தோள்பையில் பேருந்து ஏறிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்தது. தேனியிலிருந்து கம்பம் சாலையில் போனால் ஊர் எது, தேனி எது என்று கோடு கிழிக்க முடியாதபடி ஒட்டிக்கிடக்கும் பேரூராட்சி எங்களுடையது. ஆனால் சாலையை விட்டு இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தால் வேறு உலகம். முல்லைப் பெரியாற்றின் குறுக்கே தடுப்பணை, வாய்க்கால், நெல் வயல், தென்னந்தோப்பு. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலத்தைப் பற்றிச் செய்தித்தாளில் எப்போது வந்தாலும் ‘லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர்’ என்றே எழுதுவார்கள். அந்த வாக்கியத்தின் கடைசி ஊர் நாங்கள். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதே 1895-இல்தான் வடக்கே மலைமேல் கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் சங்கம் தொடங்கினார்கள். நூறு ஏக்கருக்கு மேல் புல்வெளி, பதினெட்டுக் குழி. இன்றும் காட்டெருமைகள் அதில் மேய்ந்துவிட்டுப் போகின்றன. அந்தப் புல்லின் மேல் நம்மில் எத்தனை பேர் கால் வைத்திருக்கிறோம்?

கோல்ஃபின் மேல் எனக்குப் பொறாமை இல்லை, நிலக் கணக்குதான் உறுத்துகிறது. குழிக்குள் ஒரு சின்னப் பந்தைத் தள்ள, வேறெதற்கும் உதவாமல் கத்தரித்த புல்லாக, நூறு ஏக்கரை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. தட்டுக்கு அது வேண்டாம். ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் நிலத்திலேயே அது ஆடிக்கொள்ளும். நாங்கள் சிறுவர்களாகக் கிரிக்கெட் ஆடிய பொட்டல்கள் பலவற்றில் இப்போது மஞ்சள் அடித்த மனைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. காலி நிலமே இல்லாத ஊருக்கு, காலி நிலம் கேட்காத ஆட்டம் வந்து சேர்ந்தது நல்லதுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எறிந்து குறி அடிப்பது இந்த மண்ணுக்குப் புதிது என்று யாரும் நினைக்கக் கூடாது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் சீமைகளில் வளரி என்ற வளைந்த எறிகோல் இருந்தது. மரத்திலும் இரும்பிலும் செய்வார்கள். ஒரு முனை கனமாகவும் மறுமுனை கைப்பிடியாகவும் இருக்கும். கிடைமட்டமாகச் சுழன்று போய்க் காலை முறிக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1795-இல் இந்தப் பக்கம் வந்தபோது ஈட்டியையும் வளரியையும் எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. நூறு கெஜத்துக்குள் இருக்கும் எந்த இலக்கையும் பிசகாமல் அடிக்கலாம் என்று வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். இடையில் 1801 வந்தது. கற்றுக்கொண்டவர் கற்றுக்கொடுத்தவருக்கு எதிரான படையில் இருந்தார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் வந்து, தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதே குற்றம் என்றாகிவிட்டது.

வளரியின் பயணம் அதன்பின் தலைகீழாகப் போனது. கையிலிருந்து கூரைக்குப் போயிற்று, அங்கிருந்து சாமி மாடத்துக்கு, கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்கு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து தந்தத்தால் செய்த இரண்டும் மரத்தால் செய்த ஒன்றும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்ததை, அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் தென்னிந்திய வளரிகள் உண்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளைதடியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் கள்ளர்களிடம் இருந்ததையும் தர்ஸ்டன் 1909-இல் எழுதினார். தடியை அனுப்பிப் பெண்ணை அழைப்பது என்று பேச்சே உண்டாம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘ஃபிரிஸ்பியை நாம்தான் கண்டுபிடித்தோம்’ என்று யாராவது கிளம்பினால் நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. வளரி ஆளை வீழ்த்தச் செய்தது. தட்டு தின்றுவிட்டுத் தூக்கிப் போட்டது. ஆனாலும் மணிக்கட்டைச் சொடுக்கிச் சுழலவிடும் அந்தக் கை அசைவைப் பார்க்கும்போது, இந்த ஊர்க்காரன் தோளுக்கு இது முழுக்க அந்நியமில்லை என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்கிறது.

சரி, தோப்புக்கு வருவோம்.

எங்கள் களத்தில் முதலில் எட்டு இலக்குகள். எட்டும் தென்னைதான். குறி வைத்த மரங்களின் இடுப்பில் சிவப்புத் துணி கட்டினான் மருமகன். நான் வெளிநாட்டுப் படங்களில் பார்த்த சங்கிலிக் கூடையைப் பற்றிக் கேட்டேன்.

“கூடை எதுக்கு மாமா? மரந்தான் நிக்கிதே” என்றான்.

மோட்டார் ரூம் வாசல்தான் தொடக்கம். அங்கிருந்து எறிய வேண்டும்; தட்டு விழுந்த இடத்தில் நின்று அடுத்த எறி; துணிக்குக் கீழே மரத்தில் பட்டால் அந்த மரம் முடிந்தது. எல்லா மரத்துக்கும் சேர்த்துக் குறைந்த எறியில் முடித்தவன் ஜெயித்தான். சட்டம் மொத்தமும் இதுதான். முதல் மரம் கிட்டத்தில், சிறு பிள்ளைகளுக்காக. இரண்டாவது, வரிசையாக நிற்கும் தென்னைகளின் நடுச்சந்தில். நேராகப் போகாத தட்டு ஏதாவதொரு மரத்தில் முட்டித் திரும்பி வரும். தென்னைகளை 25 அடி இடைவெளியில் நட்டவர் நல்ல காய்ப்பை நினைத்துத்தான் நட்டார். அது ஆட்டக்காரனுக்கு வைத்த பரீட்சையாகவும் ஆகிப்போனது. நான்காவது மரம் வாய்க்காலுக்கு அக்கரையில். ஜூன் முதல் வாரத்தில் வழக்கமாகப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் கரை தொட்டு ஓடும். அதில் கவிழ்ந்து விழுந்த தட்டு அடியில் காற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்து கிளம்பிவிடும். அதைத் துரத்திக்கொண்டு பிள்ளைகள் வரப்பில் ஓடுவதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்து உட்காருவார்கள்.

தோப்புக்காரப் பெரியவர் முதல் நாளே வந்து எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மரத்தில் ஆணி அடிக்கவில்லை என்பதைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

“தண்டுல படட்டும், பாதகமில்ல. பாளையில பட்டுச்சுன்னா வகுந்துபுடுவேன்” என்றார்.

“அவ்வளவு உசரம் போகாது தாத்தா” என்றான் மருமகன்.

போனது. அந்த வாரத்திலேயே ஒரு பையன் எறிந்தது செங்குத்தாக எழும்பி, ஆறாவது மரத்தின் கொண்டையில் மட்டைகளுக்கு நடுவே செருகிக்கொண்டது. கல்லெறிந்தால் பாளை போகும். கம்பு எட்டாது. அதற்கென்று மரமேறியைக் கூப்பிட்டால் கூலியில் புதுத் தட்டே வாங்கிவிடலாம். ஆகவே அடுத்த காய் வெட்டு வரும்வரை தட்டு மரத்திலேயே இருந்தது. கீழே பிள்ளைகள் பெயின்ட் டப்பா மூடியை எறிந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். பிளாட்வொர்த் பையன்களைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெட்டு நாளன்று தேங்காய்க் குலைகளோடு தட்டும் இறங்கியது. ஓரத்தை அணில் கடித்திருந்தது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் களத்தைப் பற்றிச் சொல்லி முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று தமிழ்நாட்டுக்குள் காற்று நுழையும் நான்கு கணவாய்களைச் சொல்வார்கள். நான்காவது எங்களுடையது. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளை நட்டது அதை நம்பித்தான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். 175 கிராம் எம்மாத்திரம்? ஆனால் காற்றில் எறிவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வலக்கைக்காரன் நெஞ்சுக்குக் குறுக்கே கையை இழுத்து வீசும் தட்டு வலஞ்சுழியாகச் சுழலும். வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். அது அதன் இயல்பு. எதிர்க்காற்றில் எறிந்தால் தட்டுக்கு மேல் ஓடும் காற்றின் வேகம் கூடி, இடப்பக்கம் போக வேண்டியது வலப்பக்கம் புரண்டுவிடும். பின்காற்று தூக்கிக்கொண்டு போகும் என்று எண்ணுவோம். உண்மையில் தூக்கும் விசை குறைந்து தட்டு சீக்கிரம் தரை தட்டும். ஆகவே மேற்கு நோக்கிய மூன்றாவது மரத்துக்குத் தட்டின் வெளி ஓரத்தைத் தாழ்த்தி, முழங்கால் உயரத்தில் விட வேண்டும். கிழக்கு நோக்கிய ஐந்தாவதுக்குக் கொஞ்சம் மூக்கைத் தூக்கி விடலாம். கோல்ஃபுக்கென்றே செய்த 21 சென்டிமீட்டர் தட்டுகள் இந்தக் காற்றுக்கு மசியாது. எங்களுடைய அகலத் தட்டோ மசிந்துகொண்டே இருக்கும். ஒரு வகையில் அது நல்லது. பலசாலி நூறு மீட்டர் எறிந்து ஜெயித்துவிட முடியாது. காற்று விடும் நொடி எது என்று பார்த்துக் காத்திருப்பவன் ஜெயிக்கிறான். பத்து வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி அப்படித்தான் எங்கள் எல்லோரையும் தொடர்ந்து தோற்கடித்தாள்.

கூடை ஆசை எனக்கு விடவில்லை. சங்கிலிக்குப் பதில் தென்னை நார்க் கயிறு. கிணற்று வாளியின் பழைய இரும்பு வளையத்தைத் தாழ்ந்த மாங்கிளை ஒன்றில் கட்டி, அதிலிருந்து சுற்றிலும் கயிறுகளைத் தொங்கவிட்டு, கீழே தக்காளிக் கூடையை வைத்தேன். நார்க்கயிறு தட்டை நன்றாகவே வாங்கிக்கொண்டது. சத்தம்தான் இல்லை. மோட்டார் ஓடும்போது உள்ளே விழுந்ததா, பின்னால் போனதா என்று தூரத்திலிருந்து தெரியாது. ஹெட்ரிக் ஏன் சங்கிலியில் நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சலசலப்புக்குத்தான் காப்புரிமையே கொடுத்திருக்க வேண்டும். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குத் தக்காளிக் கூடை தேவைப்பட்ட நாளன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். தட்டையும் ஒரு நாள் காணவில்லை. தேடியபோது தொழுவத்தோரம் மல்லாந்து, தண்ணீர் நிரம்பி, அதில் கோழிகள் குடித்துக்கொண்டிருந்தன.

வேலை நடக்கும் நிலத்தில் ஆடுவதற்கு என்று தானாகச் சில சட்டங்கள் வந்து சேர்ந்தன. எறியும் கோட்டில் ஆள் வந்தால் காத்திருக்க வேண்டும், ஆள் போகும்வரை. மாடு வந்தாலும் அதேதான். நடவு முடிந்த வயலுக்குள் தட்டு விழுந்தால் வரப்பில் நின்றே எட்டி எடுக்க வேண்டும், எட்டாவிட்டால் களையெடுக்க இறங்குபவர்கள் எடுத்துத் தருவார்கள், அதுவரை ஆட்டம் கிடையாது. தண்ணீர் பாய்ச்சும் முறை வந்தால் பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. பெரிய களங்களில் எச்சரிக்கைப் பலகை வைத்து இதையெல்லாம் சொல்கிறார்கள். இங்கே பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தாலே போதும்.

இந்தத் தைக்கு முன் எட்டாவது மரத்துக்குக் கூன்வண்டு விழுந்துவிட்டது. தண்டில் ஓட்டை தெரிந்து, பழுப்பாகச் சாறு வடிந்து, கவனிப்பதற்குள் குருத்து சாய்ந்துவிட்டது. வண்டு அடுத்த மரத்துக்குப் போவதற்கு முன் வெட்டித் துண்டு போட்டு எரித்தாக வேண்டும், வேறு வழியில்லை. பிள்ளைகள் அடிக்கட்டையையாவது விட்டுவைக்கும்படி கேட்டுப் பார்த்தார்கள். அதில் தட்டைச் சாய்த்து நிறுத்தினால் ஆட்டம் முடிந்த கணக்கு என்று புதுச் சட்டம்கூட யோசித்து வைத்திருந்தார்கள்.

“கட்டைய விட்டா வண்டு அதுலயே குடும்பம் நடத்தும்” என்று பெரியவர் வேரோடு தோண்டிவிட்டார். குழியை ஆறப்போட்டு, எருவிட்டு, நெட்டை-குட்டை வீரிய ஒட்டுக் கன்று ஒன்றை வைத்து, சுற்றிலும் மட்டையால் வேலி கட்டினார். “நாலு வருசத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டும் வரக்கூடாது.”

ஆகவே இப்போது ஏழு மரம். மருமகன் சென்னையிலிருந்து லீவுக்கு வந்தபோது ஏழாவதைக் கொஞ்சம் நீட்டிவிட்டுப் போனான்: எறியும் இடத்தை வாய்க்கால் மதகுக்குப் பின்னால் தள்ளிவிட்டான். மதகிலிருந்து எறிந்தால் முதலில் வாய்க்கால், பிறகு கன்றின் வேலி, வலப்பக்கம் வைக்கோல் போர். இரண்டு எறியில் அதை முடித்தவர் இன்னும் யாரும் இல்லை. அந்தப் பத்து வயதுக்காரி போன ஞாயிற்றுக்கிழமை மூன்றில் முடித்தாள். இரண்டாவது எறி வேலியை உரசியதா இல்லையா என்று பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.